கம்பு கையில் இருந்தபோது

திண்டிவனம் பேருந்து நிலையத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, நல்ல வெயிலில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மணிமாறனின் பை திருடு போனது. அப்போது அவன் கையில் ஐந்தரை அடிச் சிலம்பக் கம்பு இருந்தது. சும்மா இருக்கவில்லை, சுழன்றுகொண்டிருந்தது.

மணிமாறனுக்கு வயது முப்பத்தாறு. விழுப்புரத்தில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை. வாரத்தில் ஆறு நாள் செம்புக் கம்பி சுற்றுவான், ஏழாம் நாள் கம்பு சுற்றுவான் என்று கடையில் கிண்டல் செய்வார்கள். மாவட்டப் போட்டியில் மூன்று முறை முதல் பரிசு வாங்கியவன். ஞாயிறுதோறும் பஸ் ஏறித் திண்டிவனம் வந்து, ஒரு மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த சமூகக் கூடத்தில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு எடுத்தான். பதினான்கு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வகுப்பையும் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பான்: "கையில கம்பு இருந்தா நம்மளச் சுத்தி ஆறடிக்கு ஒருத்தன் வர முடியாது."

கம்பைப் பஸ்ஸில் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. மேலே சாமான் வைக்கும் இடத்தில் அது அடங்காது. சீட்டுக்கு அடியில் விட்டால் முன்னால் இருப்பவரின் கணுக்காலில் இடிக்கும். அதனால் சீட்டு வரிசைகளுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பான். விக்கிரவாண்டியில் ஏறுகிற கூட்டம் அதைப் பஸ்ஸோடு சேர்ந்த கம்பி என்று நினைத்துப் பற்றிக்கொள்ளும். ஒரு தடவை கூட்டேரிப்பட்டு வரைக்கும் நான்கு பேர் அதைப் பிடித்தபடி வந்தார்கள். இறங்கும்போது ஒரு பெரியவர், "இந்தக் கம்பி ரொம்ப ஆடுது, டிப்போவுல சொல்லி டைட் பண்ணுங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு வகுப்பு முடிந்து விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவன் கைகூப்பி வணக்கம் வைத்தான்.

"மாஸ்டர், நீங்க சிலம்பம் சொல்லித் தர்றவர்தானே? எங்க ஊருல கிளாஸு ஆரம்பிக்கலாம்னு பேசிக்கினு இருக்கோம். ஒரே ஒரு சுத்து காட்டுங்க மாஸ்டர். பசங்க பாத்தா சேருவானுங்க."

எந்த ஊர் என்று மணிமாறன் கேட்டான். ஒலக்கூர் பக்கம் என்றான் அவன். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவனிடம் எப்படி மாட்டேன் என்பது? தோள்பையைக் கழற்றிக் காலுக்குப் பின்னால் வைத்தான். கம்பை எடுத்தான். வேர்க்கடலை விற்கிற அம்மாள் கூடையை இழுத்து ஓரம் வைத்தார். கூட்டம் தானாக வட்டம் கட்டியது. ஒற்றைக் கைச் சுற்று, இரட்டைக் கைச் சுற்று, கழுத்தைச் சுற்றி ஒன்று. கம்பு கண்ணுக்குத் தெரியாமல் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன. அவற்றைப் பார்த்ததும் மணிமாறனுக்குக் குரல் தானாக வந்தது.

"நல்லாப் பாத்துக்கோங்க. இந்த வட்டத்துக்குள்ள ஒரு ஈ வர முடியாது."

இரண்டு நிமிடம் சுற்றி, நிறுத்தி, கும்பிட்டுத் திரும்பினான். பை இல்லை. வணக்கம் வைத்தவனும் இல்லை, கூட வந்தவனும் இல்லை. கூட்டம் மட்டும் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தது.

காவல் நிலையத்தில் ஏட்டு தேவசகாயம் பொறுமையான மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு சார்."

"ஆயுதம் எதுனா வச்சிருந்தானுங்களா?"

"இல்ல சார்."

"அங்க வேற யாரு கையிலயாவது ஆயுதம் இருந்துச்சா?"

மணிமாறன் கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "என் கையில இருந்துச்சு சார்."

ஏட்டு தலையைத் தூக்கிக் கம்பை அடியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தார். "அப்போ நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"சுத்திக்கினு இருந்தேன் சார்."

"ஊரையா?"

"கம்ப சார்."

அவர் சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்தி, எழுதியதை நிதானமாக வாசித்துக் காட்டினார்: மேற்படி மணிமாறன் தற்காப்புக் கலை செய்து காட்டிக்கொண்டிருந்த சமயத்தில் மேற்படி பை காணாமல் போனது. "சரியா இருக்கா பாருங்க, இருந்தா கையெழுத்துப் போடுங்க" என்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மணிமாறன் கையெழுத்துப் போட்டான்.

திங்கள் மாலைக்குள் வீடியோ விழுப்புரம் வந்துவிட்டது. கடை முதலாளி துரைக்கண்ணு அதைச் சத்தமாக வைத்து மூன்று தடவை பார்த்தார். அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. மணிமாறனின் முதுகுக்குப் பின்னால் ஒருவன் குந்துகிறான். சொந்தப் பையை எடுப்பதுபோல வாரைப் பிடித்து எடுக்கிறான். அடியில் ஒட்டிய தூசியைத் தட்டுகிறான். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறான். சரியாக அந்த விநாடியில் மணிமாறன், "ஒரு ஈ வர முடியாது" என்கிறான். யாரோ புண்ணியவான் அந்த இடத்தில் ஒரு ஈ படத்தைச் சேர்த்துப் பறக்கவிட்டிருந்தான்.

வீட்டில் மனைவி கலைப்பிரியா சிரித்திருந்தால் தேவலை. அவள் கேட்காமலே இன்னொரு தோசை போட்டாள். "உங்களுக்கு அடி எதுவும் படலையே, அது போதும்" என்றாள். தன்னை யாராவது அடித்திருக்கக்கூடும் என்ற நினைப்பு தன் வீட்டிலேயே இருக்கிறது என்று மணிமாறனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு போவதா வேண்டாமா என்று பஸ் ஏறும் வரைக்கும் யோசித்தான். போனால் பதினான்கில் ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். ஐவரில் மூத்தவள் சூசை மேரி. நாற்பத்தொன்பது வயது, கோவில் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கிளியனூர் ரோட்டில் பைக்கில் வந்த ஒருவன் அவள் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிருந்தான். சங்கிலி அறுபடும்போது கழுத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போனது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தாள்.

வீடியோவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. சூசை மேரிதான் கேட்டாள். அவள் கேட்டதில் கேலி இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். நான் கடையில இருந்து வூட்டுக்குப் போறப்போ இந்தக் கம்ப எடுத்துக்கினு போவணுமா?"

"எடுத்துக்கினு போனா நல்லதுக்கா."

"இன்னொரு கையில காய்கறிப் பை இருக்குமே. பஸ்ஸுல போனா எப்படிச் சுத்துறது?"

"பஸ்ஸுக்குள்ள சுருக்கமா வீசலாம்க்கா."

"வீசிக் காட்டுறீங்களா?"

கூடத்துக்கு வெளியே கோவில் பள்ளிக்கூடத்து வேன் நின்றது. ஓட்டுநர் சவரிராயன் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு, "கண்ணாடியில மட்டும் கைய வைக்காதீங்க, ஃபாதருக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்று அனுமதித்தார். திருடனாகச் சூசை மேரியே நின்றாள். மணிமாறன் மூன்றாவது சீட்டுக்கும் நான்காவது சீட்டுக்கும் நடுவே நிலை எடுத்தான்.

முதல் வீச்சில் கம்பு கூரையில் இடித்து நின்றது. இரண்டாவது வீச்சில் கம்பின் பின்நுனி ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளியே போனது. இழுத்தான், வரவில்லை. "கண்ணாடி, கண்ணாடி" என்றார் வெளியே சவரிராயன். அதற்குள் சூசை மேரி அவசரமே இல்லாமல் வந்து, அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பின்கதவு வழியாக இறங்கிப் போனாள்.

"இது சும்மா பழகறதுக்குத்தானே மாஸ்டர், வருத்தப்படாதீங்க" என்று கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

வகுப்பிலேயே சின்னவளான ஆஷ்லின் நர்ஸ் வேலை பார்ப்பவள். அவளுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. "மாஸ்டர், சுருள் வாள்னா சின்னதா சுருட்டி ஹேண்ட்பேக்குல வைக்கலாமே?" மணிமாறன் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சுருள் வாள் பழகிய முதல் வாரத்தில் அந்தக் காதின் மேல்நுனியில் மூன்று தையல் போட்டிருந்தார்கள். வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வகுப்பை நிறுத்திவிடலாம் என்று பட்டது. இருபது வருடமாகக் கம்பு பிடிக்கிறான். ஒரு மனிதனை ஒரு முறைகூட அடித்ததில்லை. தொட்டதற்குப் புள்ளி வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான். போட்டியில் எதிராளி முன்னால் வந்து நிற்பான், நடுவர் விசில் ஊதுவார், கோட்டைத் தாண்டினால் நிறுத்திவிடுவார்கள். சூசை மேரியின் கழுத்துச் சங்கிலியை அறுத்தவன் பின்னால் இருந்து வந்தான். விசில் ஊதவில்லை. அந்த அக்காவுக்கு இத்தனை மாதமாகத் தான் சொல்லிக் கொடுத்தது பொய்யா? சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மெய் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில், கடையில் கூட வேலை செய்கிற கோகுலகிருஷ்ணனிடம், "உன் பைக்க எடுத்துக்கினு மைதானத்துக்கு வா" என்றான்.

"இன்னாத்துக்கு?"

"என் கழுத்துல இருக்கிற துண்ட பின்னால இருந்து வந்து புடுங்கணும்."

கோகுலகிருஷ்ணனுக்கு இப்படி ஒரு வேலை வாழ்நாளில் கிடைத்ததில்லை. முதல் நாள் முப்பது தடவை வந்தான், இருபத்தெட்டு தடவை துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஆடு மேய்க்க வந்த ஒருவர் கடைசி வரைக்கும் நின்று பார்த்து, "எதுனா வேண்டுதலா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். நாலைந்து நாளில் மணிமாறனுக்கு ஒன்று பிடிபட்டது. பிடுங்க வருகிறவன் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைப்பான். அப்போது வண்டிச் சத்தம் மாறும். அந்தச் சத்தத்துக்குத் திரும்பி, சிலம்பத்தின் முதல் காலடியைப் போட்டு, வலது காலைப் பின்னால் வாங்கி உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால், கை காற்றைத்தான் பிடிக்கும். காலடி எல்லாம் அவனிடம் இருந்ததுதான். கைக்குத்தான் கை தட்டுவார்கள், காலை யாரும் பார்ப்பதில்லை. அதனால் அவனும் வகுப்பில் மூன்று வாரத்தில் காலடியை முடித்துவிட்டுச் சுற்றுக்குப் போய்விடுவான்.

அடுத்த வகுப்பில் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிட்டான். "இது அழகா இருக்கும். கைக்கு வலு, மனசுக்குத் தெம்பு. ஆனா ரோட்டுல இதால பெருசா ஒண்ணும் ஆவாது. நடக்கும்போது செவுத்தோரமா நடங்க. சத்தம் கேட்டா திரும்பிப் பாருங்க. கால் வாங்குங்க. கையில இருக்கிறது குடையோ டிபன் கேரியரோ, அதால மூணு அடி: முட்டி, மணிக்கட்டு, தோள். அப்புறம் கத்திக்கினே ஓடிடுங்க. பை போனா போவட்டும்."

"செயினு?" என்றாள் சூசை மேரி.

"நீங்க இப்ப போட்டிருக்கிறது கவரிங்தானேக்கா? அதுவும் போவட்டும்."

"செயினு கவரிங்தான் மாஸ்டர். கழுத்து கவரிங் இல்லையே."

மணிமாறன் காலடியை நூறு தடவை போடச் சொன்னான். குடையால் மூன்று அடி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே, ஒன்று, இரண்டு, மூன்று. இப்படி இரண்டரை மாதம் போனது. ஐந்து பேர் ஏழானார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஏட்டு தேவசகாயத்திடமிருந்து போன் வந்தது. "மாஸ்டர், ஜல்தி கெளம்பி ஸ்டேஷன் வாங்க. உங்க ஸ்டூடண்ட் ஒருத்தரு இங்க இருக்காங்க."

"இன்னா ஆச்சு சார்? அடி பட்டிருக்கா?"

"பட்டிருக்கு. அவங்களுக்கு இல்ல."

நடந்தது இது. சூசை மேரி கடையை மூடிவிட்டு மண்டித் தெரு வழியாக நடந்து போயிருக்கிறாள். அந்தத் தெருவில் பாதி அகலத்துக்கு வேர்க்கடலை காயப்போட்டிருந்தார்கள். பின்னால் பைக் சத்தம் மெல்லத் தணிந்தது. திரும்பினாள், காலை வாங்கினாள், சுவரில் முதுகு ஒட்டியது. பின்சீட்டில் இருந்தவன் கை அவள் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. எட்டிய வேகத்தில் அவன் சாய, வண்டி கடலை மேல் ஏறிச் சறுக்கியது. ஓட்டியவன் வண்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டாளியை விட்டுவிட்டுப் பறந்தான். விழுந்தவன் எழப் பார்த்தான், கடலை உருண்டது, மறுபடி விழுந்தான். மூன்றாவது தடவை எழுந்தபோது சூசை மேரி குடையோடு வந்துவிட்டாள். தெருவே கேட்கும்படி எண்ணியிருக்கிறாள். மண்டியிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் ஓடி வந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

மணிமாறன் விழுப்புரத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அந்த ஆள் பெஞ்சில் முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சூசை மேரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வளைந்துபோன குடை.

"இவன் ஒரு நியாயம் பேசறான்" என்றார் ஏட்டு. "முட்டியில அடிச்சது சரியாம். மணிக்கட்டுல அடிச்சதும் சரியாம். அப்பவே கையெடுத்துக் கும்பிட்டுட்டானாம். மூணாவதா தோள்ல எதுக்கு அடிச்சாங்கன்னு கேக்கறான். எனக்கும் எழுதறதுக்கு ஒரு காரணம் வேணும்மா. சொல்லுங்க."

சூசை மேரி யோசித்துப் பதில் சொன்னாள். "கிளாஸுல மூணு வரைக்கும் எண்ணித்தான் சார் பழக்கம். ரெண்டுல நிறுத்த வரல."

ஏட்டு மணிமாறனைப் பார்த்தார். "உண்மையா?"

"உண்மைதான் சார். மூணு முடிஞ்சா ஓடணும்னும் சொல்லியிருக்கேன்."

"ஓடினீங்களாம்மா?"

"மாஸ்டரு ஓடத்தான் சொன்னாரு. எனக்குத்தான் மறந்து போச்சு."

அந்த ஆளின் பெயரில் ஏற்கெனவே மூன்று ஊர்களில் புகார் இருந்தது. அது தெரிய வந்த பிறகு அவன் தோளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டான். ஏட்டு எழுதி முடித்து, குடையைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, சூசை மேரியையும் மணிமாறனையும் அனுப்பினார்.

எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள். மணிமாறனுக்கு மனம் துள்ளியது. இருபது வருட வித்தை முதன்முதலாக ஒரு நிஜ முட்டியில் இறங்கியிருக்கிறது. அதில் லேசாகப் பொறாமையும் இருந்தது. மறைக்க முடியவில்லை. எந்தக் கோணத்தில் அடித்தாள், காலை எவ்வளவு பின்வாங்கினாள் என்று கேட்க வாயெடுத்தான். அப்போதுதான் அவள் டீ கிளாஸை எடுக்காமல் இருப்பதைக் கவனித்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நடுங்குது மாஸ்டர்" என்றாள். "அங்க உள்ள தைரியமா உட்கார்ந்துக்கினு இருந்தேன். வெளிய வந்ததும் நிக்க மாட்டேங்குது. இதுக்கு எதுனா காலடி இருக்கா?"

"இல்லக்கா."

"போன தடவ ஆறு மாசம் தூங்கல. இப்ப இவன் மூஞ்சி வேற மனசுல ஒக்காந்துக்கிச்சு. அடிச்சது சந்தோஷமாவும் இருக்குது. ரெண்டும் ஒண்ணா இருக்குமா?"

மணிமாறனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னான். கடைக்காரரிடம் இன்னொரு கிளாஸ் வாங்கி, டீயைப் பாதிப் பாதியாக ஊற்றி, தளும்பாத அளவுக்கு வைத்துக் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். பிறகு அவளைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். இருவரும் சுவரோரமாகவே நடந்தார்கள்.

மறுநாள் வகுப்புக்கு அவள் வரமாட்டாள் என்று நினைத்தான். கூடத்துக்கு வெளியே செருப்புகளைப் பார்த்து இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நின்றான். மண்டித் தெருச் சேதி இரவோடு இரவாகப் பரவி, நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் குடை. மழைக்காலத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. எல்லோரும் சூசை மேரியைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அவள் யாரிடமிருந்தோ இரவல் வாங்கிய குடையோடு, கண் சிவந்து, தூங்காத முகத்தோடு வந்திருந்தாள்.

"அக்கா, முன்வரிசையில வந்து நில்லுங்க. எல்லாரும் உங்களப் பாத்து பழகட்டும்" என்றான் மணிமாறன்.

"முன்னால வேணாம் மாஸ்டர். நான் செவுத்தோரமாவே நிக்கறேன். பின்னால யாரும் இல்லன்னு தெரிஞ்சா கொஞ்சம் நல்லா இருக்கு."

சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோடு நின்றாள். அடிக்கத் தெரிந்தவளே அங்கே நிற்கிறாள் என்றதும் பக்கத்தில் நின்ற ஆசிரியை ஒருத்தியும் நகர்ந்து சுவருக்குப் போனாள். அவளைப் பார்த்து நான்கு பேர். பிறகு மொத்தக் கூட்டமும். நாற்பத்தொரு பேருக்குச் சுவர் போதவில்லை. "நான்தான் மொதல்ல வந்தேன்", "கொஞ்சம் தள்ளுங்க", "ஜன்னல் செவுத்துல சேருமா மாஸ்டர்?" என்று இடத்துக்கு அடிபிடி நடந்தது. ஒருத்தியின் குடை இன்னொருத்தியின் ஜடையில் மாட்டிக்கொண்டது.

அதைப் பிரித்து எடுப்பதற்குள் வகுப்புக்கு அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது.